முன்னுக்கு மட்டும் புது ரயர்

கேள்வி: ஐயா, நான் தர்மபுரம். வயது 28. கிளிநொச்சியில் ஒரு நிர்மாணக் கொம்பனியில் வேலை. சின்ன வயதிலிருந்தே சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார் என்றால் பைத்தியம். சுவிசில் இருக்கிற அண்ணா பாதிக் காசு தருகிறேன் என்கிறார். வத்தளையில் ஒரு கார் பார்த்தேன். 2002, மனுவல் கியர், உருண்டைக் கண் லைற். உயரத்தைக் குறைத்துப் பதித்து விட்டிருக்கிறார்கள். கோன் பில்ரர், புளோ ஓவ் வால்வு எல்லாம் இருக்கிறது. முன்னுக்கு இரண்டு ரயரும் புதிது. எஞ்சின் ஒருமுறை மாற்றியதாம். ஸ்ரேறிங்கை முழுக்க வெட்டித் திருப்பினால் மட்டும் கொஞ்சம் இறுகுது. “போர் வீல் எல்லாம் அப்படித்தான் தம்பி” என்றார் விற்பவர். ஓபின் பேப்பரில் தருவதால் விலையும் குறைவு. ஐம்பதினாயிரம் முற்பணம் கொடுத்துவிட்டேன். அப்பா “வெள்ளத்துக்கும் உதவாது, வயலுக்கும் உதவாது, ஒரு வானை எடு” என்கிறார். போர் வீல் எங்கட றோட்டுக்கு நல்லதுதானே? எடுக்கலாமா?

பதில்: தம்பி, டபிள்யூஆர்எக்ஸ் எடுக்கலாம். வத்தளையில் பார்த்ததை எடுக்க வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முன்னுக்குப் புது ரயர் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள், வெட்டித் திருப்பினால் இறுகுது என்று இன்னோரிடத்தில். எனக்கு அவை இரண்டும் ஒரே கதையாகத்தான் தெரிகின்றன.

கார் வளையும்போது முன் சில்லுகள் பெரிய வட்டத்தில் ஓடும், பின் சில்லுகள் உள்ளுக்கு வெட்டி ஓடும். சாதாரணக் காரில் ஒரு அச்சுக்குத்தான் எஞ்சினின் பலம் போகிறது. மற்ற அச்சு தன்பாட்டில் உருளும், ஒரு கரைச்சலும் இல்லை. நான்கு சில்லுக்கும் பலம் போகிற போர் வீல் காரில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு டிபரன்சல் வேண்டும், இரண்டு அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்லுச்சில்லுத் தொகுதி அது. ஐந்து கியர் மனுவல் டபிள்யூஆர்எக்ஸில் அது கியர் பொக்ஸின் வால் பகுதியில் இருக்கிறது. அதோடு சேர்ந்து, முழுக்க மூடிய ஒரு சின்ன டப்பா. உள்ளே மெல்லிய தட்டுகள், தட்டுகளுக்கு நடுவில் தடித்த சிலிக்கன் திரவம். மெக்கானிக்மார் வைஸ்கஸ் கப்ளிங் என்று சொல்வது இதைத்தான். சாதாரண ஓட்டத்தில் முன்னுக்குப் பாதி, பின்னுக்குப் பாதி பலம் போகும். ஒரு அச்சு வழுக்கி வேகமாகச் சுற்றத் தொடங்கினால் அந்தத் திரவம் தட்டுகளை இழுத்துப் பிடித்து, பிடிப்புள்ள அச்சுக்குக் கூடுதல் பலத்தைத் தள்ளும்.

வழுக்கல் என்பது சில விநாடி விஷயம். கப்ளிங் அதற்காகச் செய்யப்பட்டது, அதைத் தாங்கும். இப்போது ரயருக்கு வாருங்கள். புது ரயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம். பின்னுக்கு ஓடித் தேய்ந்தது 3 என்று வைப்போம். ஆரையில் 5 மில்லிமீற்றர் வித்தியாசம். இந்த அளவு சில்லுக்கு அது ஒன்றரை வீதத்துக்குக் கொஞ்சம் மேல். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அந்த ஓட்டத்தில் பின் சில்லுகள் முன் சில்லுகளைவிட ஐந்து கிலோமீற்றர் அளவுக்குக் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். ஏ9 நேராக இருந்தாலும் கப்ளிங்குக்கு அது முடிவில்லாத வளைவுதான். திரவம் சூடாகும், தடிக்கும், கடைசியில் தட்டுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வெட்டித் திருப்பும்போது இரண்டும் ஒத்துப்போக முடியாமல் கார் இறுகும்.

நான்கு ரயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக்கூடாது என்பது சுபாருவின் விதி. தேய்மானத்தில் அது ஒரு மில்லிமீற்றர்தான். அதாவது ஒரு ரயரைக் கல்லு கிழித்தால் சில வேளை நான்கையும் மாற்ற வேண்டிவரும், ஒரே அளவில், ஒரே மார்க்கில். இந்த ரகக் காரை வைத்திருக்கிற செலவு இப்படித்தான் வருகிறது. வாங்கும் விலையை மட்டும் வைத்து அதை மட்டிட முடியாது.

இறுக்கத்தைச் சரியாகப் பார்க்க ஒரு முறை உண்டு. இருபது நிமிடம் ஓடி கியர் பொக்ஸ் சூடான பிறகு, காப்பெற் போட்ட மட்டமான ஒரு வளவுக்குக் கொண்டுபோங்கள். மணலோ கிறவலோ சரிவராது, அங்கே சில்லு வழுக்கிக் குறையை மறைத்துவிடும். ஸ்ரேறிங்கை ஒரு பக்கம் முழுக்க வெட்டி, முதல் கியரில் கிளச்சை முழுதாக விட்டு, அக்சிலேற்றரில் கால் வைக்காமல் வட்டமடிக்க விடுங்கள். நல்ல கார் தன்பாட்டில் உருண்டு சுற்றும். கப்ளிங் பிடித்த கார் யாரோ மெல்லப் பிரேக் போடுவதுபோல் நிற்கப் பார்க்கும். எஞ்சின் சத்தம் இறங்கும், ரயர் தரையில் உரசித் துள்ளும். மறுபக்கமும் அப்படியே பாருங்கள். டபிள்யூஆர்எக்ஸின் பலம் கூடிய வடிவமான எஸ்ரிஐ ரகங்கள் பலவற்றில் முன் அச்சிலும், இரண்டு சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதைக் கட்டுப்படுத்துகிற லிமிற்றட் ஸ்லிப் இருப்பதால் சிறிது இறுக்கம் வழமை. சாதாரண டபிள்யூஆர்எக்ஸில் அந்தச் சாட்டு செல்லாது. “போர் வீல் எல்லாம் அப்படித்தான்” என்று சொன்னவர் ஒன்றில் விஷயம் தெரியாதவர், இல்லையென்றால் நன்றாகத் தெரிந்தவர்.

நான்கு ரயரையும் ஒன்றாக்கியதும் இறுக்கம் விட்டுவிடவும் கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பரீட்சைக்கான செலவு விற்பவருடையது. கப்ளிங்கே போயிருந்தால் கியர் பொக்ஸின் வாலைக் கழற்ற வேண்டும், கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் பழைய கப்ளிங் ஒன்று தேட வேண்டும். அதுவும் எப்படிப்பட்ட ரயரோடு ஓடிய காரிலிருந்து கழற்றியது என்று உங்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

ஓபின் பேப்பர் விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பெயர் மாற்றப் படிவத்தில் பழைய சொந்தக்காரர் எப்போதோ கையெழுத்து வைத்துவிட்டார், வாங்குபவரின் இடம் வெறுமையாகவே கைமாறிக் கைமாறி வருகிறது. உங்களுக்கு விற்கிறவரின் பெயர் பதிவேட்டில் எங்குமே இல்லை. லீசிங் பாக்கி கிடந்தால், வழக்கில் அகப்பட்ட காராக இருந்தால், பழைய சொந்தக்காரர் வெளிநாடு போயிருந்தால், யாரைப் போய்ப் பிடிப்பீர்கள்? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பணம் கட்டி அந்த வாகனத்தின் பதிவேட்டுப் பிரதி எடுக்கலாம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர், எஞ்சின் இலக்கம் என்ன, செசி இலக்கம் என்ன என்று அதில் வரும். காசு கைமாறுவது அதற்குப் பிறகுதான்.

செசி இலக்கத்தை நீங்களே வாசிக்கலாம். பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள சுவரில் தகட்டில் அடித்திருக்கும். 2000 ஆம் ஆண்டில் வந்த அந்த வடிவத்தில் டபிள்யூஆர்எக்ஸ் செடான் என்றால் ஜிடிஏ என்று தொடங்கும், எஸ்ரிஐ என்றால் ஜிடிபி. டேர்போ இல்லாத இரண்டு லீற்றர் இம்ப்ரெசா ஜிடி9. பொனற்றில் காற்று வாய் வெட்டி, பின்னுக்குச் சிறகு பூட்டி, சாதாரண இம்ப்ரெசாவை டபிள்யூஆர்எக்ஸ் ஆக்கி விற்கிறவர்கள் உண்டு. இரண்டுமே 1994 சீசீ என்பதால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் சீசீயைப் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியாது, செசி இலக்கம்தான் காட்டிக்கொடுக்கும். மிற்சுபிஷி லான்சரிலும் இதே விளையாட்டு நடக்கிறது, சாதாரண லான்சரை அதன் வேக ரகமான எவோ என்று விற்பார்கள். எவோ ஏழிலிருந்து ஒன்பது வரை சிரி9ஏ (CT9A) என்று தொடங்கும். எங்கள் தெருக்களில் ஓடுகிற சாதாரண லான்சர் சிகே, சிஎஸ்.

எஞ்சின் மாற்றியது தன்னளவில் குற்றமில்லை. மாற்றிய இலக்கம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? பழையது ஏன் போனது? இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலைக் கவனமாகக் கேளுங்கள். இந்த ஈஜே20 எஞ்சினில் சிலிண்டர்கள் இரண்டிரண்டாகப் படுத்திருக்கும். ஒயில் குறைய விட்டு ஓடினால் முதலில் அடிபடுவது, பிஸ்ரனைத் தாங்கும் தண்டான கொன்றொட்டின் பெயரிங். டைமிங் பெல்ற் அறுந்தால் வால்வு பிஸ்ரனில் அடிக்கும், தலை முழுவதும் கழற்ற வேண்டியதுதான். பெல்ற்றின் ஆயுள் ஒரு இலட்சம் கிலோமீற்றர். எங்கள் வெக்கையில் நின்ற காருக்கு வருடக் கணக்கும் உண்டு, மீற்றரை மட்டும் பார்க்காதீர்கள். எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுங்கள். பெல்ற்றோடு தண்ணீர்ப் பம்ப், பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கிற ரென்சனர், அது உருளுகிற ஐட்லர் எல்லாம் ஒரே வேலையில் போக வேண்டும்.

கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம், பாருங்கள் என்றால் மெக்கானிக் முகத்தைச் சுழிப்பார். பிளக்குகள் பக்கவாட்டில், செசிக்கு நெருக்கமாக இருக்கின்றன. கை நுழைக்க இடமில்லை, நேரம் பிடிக்கும். கூடக் காசு கொடுத்தாவது பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்ட நிற்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் மற்றதொன்றும் பார்க்கத் தேவையில்லை, வீட்டுக்கு வாருங்கள்.

கோன் பில்ரரும் புளோ ஓவ் வால்வும் பெருமைக்குரியவை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள் போல. விசுவமடுவுக்கு உள்ளால் கிறவல் வீதியில் கோடைகாலம் ஒரு ரிப்பருக்குப் பின்னால் போயிருப்பீர்கள் அல்லவா? அந்தச் சிவப்புத் தூசி முழுவதையும் பொனற்றுக்குள் திறந்து கிடக்கிற ஒரு கூம்பு வடிகட்ட வேண்டும். கம்பனி கொடுத்த பெட்டியும் காகித பில்ரரும் அதை எவ்வளவோ நன்றாகச் செய்யும். தூசி உள்ளே போனால் டேர்போவின் இலை தேயும், பிறகு சிலிண்டர் தேயும். கோன் பில்ரர்கள் எஞ்சின் சூட்டுக் காற்றையே இழுக்கின்றன என்பது வேறு. புளோ ஓவ் வால்வு “பிஸ்” என்று வெளியே விடுகிற காற்று ஏற்கெனவே சென்சர் அளந்த காற்று. கம்பியூற்றர் அந்தக் காற்று உள்ளே இருப்பதாக எண்ணிப் பெற்றோலை ஊற்றும். கரும்புகை, கறுத்த பிளக், கூடிய செலவு. சத்தத்துக்கு ஆசைப்படுவது எனக்கும் விளங்குகிறது. 1995 இல் கொலின் மக்ரே சுபாருவில் உலக றெலிச் சம்பியன் ஆனதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு மயங்காத ஆள் குறைவு. ஆனால் அது அந்த எஞ்சினின் படுத்த வடிவமும் நீளம் ஒவ்வாத எக்ஸோஸ்ற் குழாய்களும் சேர்ந்து தருகிற சத்தம். கம்பனி சைலன்சரோடும் கேட்கும்.

மாற்றம் செய்த காரைப் பார்க்கும்போது இன்னொன்றையும் தேடுங்கள். தியத்தலாவ பொக்ஸ்ஹில், சாலியபுர கஜபா போன்ற ஓட்டங்களில் இந்த ரகங்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடி முடித்த கார்கள் சில பிறகு சந்தைக்கு வருகின்றன. கார்ப்பெற்றைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே இரும்புக் கூடு பூட்டிய ஆணித் துளைகளை அடைத்த அடையாளமும், அடித்தளத்தில் கல்லடியும் தெரிந்தால் கதை அதுதான். வத்தளைப் பக்கக் கார் என்றால் வெள்ளமும் பார்க்க வேண்டும். 2016 மே மாத வெள்ளமும் 2025 நவம்பர் டித்வா புயலும் களனி கங்கைக் கரையில் நின்ற வாகனங்களை விட்டுவைக்கவில்லை. சீற் பெல்ற்றை முடிவுவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே நிற்கும்.

இனி, போர் வீல் எங்கள் வீதிக்கு நல்லதுதானே என்ற கேள்வி. நனைந்த காப்பெற்றிலும் கிறவலிலும் பிடிப்புக்கு நல்லது. குழிக்கும் வெள்ளத்துக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. கம்பனி உயரத்திலேயே டபிள்யூஆர்எக்ஸின் அடிவயிறு நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் அளவில்தான். பதித்த காரை உங்கள் ஒழுங்கைக்குள் எப்படி ஏற்றப்போகிறீர்கள்? 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்தபோது முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் எப்படிக் கிடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மதவுக்கு மேலால் ஓடுகிற தண்ணீரில் ஹைலக்ஸ் போவதைப் பார்த்து நானும் போர் வீல்தானே என்று இறக்கினால், கோன் பில்ரர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கொன்றொட் வளையும். இந்த இடத்தில் அப்பா சொல்வதில் பிழையில்லை.

பிரேக் பிடிக்கும்போதும் நான்கு சில்லு ஓட்டம் உதவாது. இரவில் மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் மாடு குறுக்கே படுத்திருக்கும். வேகமாகக் கிளம்புகிற கார் வேகமாக நிற்கும் என்று எண்ண வேண்டாம். ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் விடுகிற வேகம் 70 தான், 250 குதிரைவலு இருந்தாலும் அதேதான். டிஸ்க்கும் பிரேக் ஒயிலும் புதிதாகப் போடாமல் இந்தக் காரை முதல் நாளே ஏ9 இல் ஏற்றாதீர்கள்.

நடுவழியில் நின்றுவிட்டால் முன் சில்லைத் தூக்கி இழுக்கிற லொறி சரிவராது. பின் சில்லு தரையில் உருள, டிபரன்சல் முழு வித்தியாசத்தையும் தாங்கி, கராஜ் வாசலுக்கு வரும்போது நல்லாயிருந்த கப்ளிங்கும் போயிருக்கும். கார் முழுவதும் மேலே ஏறுகிற கரியர்தான் வேண்டும். தர்மபுரத்துக்கு எங்கிருந்து கரியர் வரும் என்று இப்போதே விசாரித்து இலக்கத்தை வைத்திருங்கள்.

பெற்றோல் 95 தான். ஜப்பானில் இந்த எஞ்சின் அதைவிட உயர்ந்த ஒக்ரேனுக்குச் செய்யப்பட்டது. 95 இல் கொஞ்சம் பலம் குறையும், பரவாயில்லை. 92 ஊற்றி நசித்தால் எஞ்சின் நொக் அடிக்கும், பிஸ்ரன் உடையும். எங்கள் பக்கம் எல்லாச் செட்டிலும் 95 கிடையாது. நீங்கள் வழமையாகப் போகும் பாதையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லீற்றருக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றர் ஓடினால் சந்தோஷப்படலாம். 2022 இல் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். இந்தக் காருக்கு அது கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் பாதி வழி.

அப்பாவின் வான் யோசனைக்கு என் பதில் இது. உங்கள் வீட்டில் இது ஒன்றே வாகனம் என்றால் வான் எடுங்கள், அல்லது ஒரு ரொயோற்றா அக்சியோ. அம்மாவை விடியப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வாகனம் இருபது வருடப் பழைய டேர்போ காராக இருக்கக்கூடாது. வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளும் வீட்டுக்கு வேறொரு வாகனமும் இருக்கிறது, இது ஆசைக்கு என்றால் நான் தடுக்க மாட்டேன். வயலுக்கு உர மூட்டை ஏற்ற எப்படியும் லாண்ட்மாஸ்டர்தான், காரைக் கேட்டு அப்பா கோபிப்பதில் நியாயமில்லை.

அப்படியென்றால் எதைத் தேடுவது? கம்பனி உயரத்தில், கம்பனிப் பெட்டி பில்ரரோடு, நான்கும் ஒரே ரயராக, சொந்தக்காரரின் பெயரே புத்தகத்தில் இருக்கிற ஒரு ஜிடிஏ. பெயின்ற் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. எவோ வேண்டாம், முதல் காருக்கு வேண்டவே வேண்டாம். எவோ ஏழிலிருந்து டிபரன்சல்களை ஹைட்ரோலிக் பம்ப் ஒன்றுதான் ஆட்டுகிறது, அது போனால் திருத்த ஆள் தேடுவதே ஒரு வேலை. இரட்டை டேர்போ லெகசி பி4 யும் வேண்டாம். வெற்றிடக் குழாய்ச் சிக்கலுக்குள் கை விட எங்கள் பக்கத்து மெக்கானிக்மார் விரும்ப மாட்டார்கள். 2003 இற்குப் பிறகு வந்த ஒற்றை டேர்போ லெகசி ஜிடி கண்ணில் பட்டால் பாருங்கள். அதே எஞ்சின் குடும்பம், இருக்கை வசதி, அப்பாவும் முணுமுணுக்காமல் ஏறுவார்.

பொறுத்துத்தான் தேட வேண்டியிருக்கும். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 இல் திரும்பத் திறந்தாலும், பழைய கார்களுக்கு வயதுக் கட்டுப்பாடு இருப்பதால் நீங்கள் தேடுகிற பழைய வருடங்களின் மொடல்கள் இனிப் புதிதாக வரப்போவதில்லை. நாட்டுக்குள் இருப்பவைதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. நல்லது ஒன்று அகப்பட்டால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள், “ஸ்ராட் பண்ணி வைக்காதீங்கோ” என்று முதலே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் முதல் சில நிமிடம் வருகிற மெல்லிய தட்டல் சூடானதும் மறைந்தால் அது பிஸ்ரன் தட்டல், இந்த எஞ்சினில் வழமை. சூடான பிறகு 2500, 3000 சுற்றில் ஆழமாகத் தட்டினால் அது பெயரிங். அண்ணா தருகிற காசை முழுவதும் விலைக்குக் கொடுக்காமல் ஐந்தில் ஒரு பங்கை பெல்ற், ரயர், பிரேக், ஒயில் வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் மாதத்திலேயே வேண்டிவரும்.

முற்பணம் ஐம்பதினாயிரம். வத்தளைக்காரரிடம் பதிவேட்டுப் பிரதியைக் கேளுங்கள், நான் சொன்ன வட்டச் சோதனையை அவர் முன்னாலேயே செய்து போனில் படம் எடுங்கள். கார் இறுகினால், இந்தக் குறைக்காகத்தான் வேண்டாம் என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கேளுங்கள். ரசீது இருந்தால் கேட்பது சுலபம். இல்லாவிட்டால் காசு தந்த செய்தி, வங்கிச் சிட்டை எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். தரவே மாட்டேன் என்று நின்றால் விட்டுவிட்டு வாருங்கள். நான்கு ரயரும் கப்ளிங்கும் அந்த ஐம்பதினாயிரத்துக்குள் முடியாது.